கடலோரக் காற்றில் கைக்கடிகாரம்: புதுச்சேரி, கடலூர்வாசிகளுக்கான பராமரிப்பு வழிகாட்டி

கைக்கடிகாரத்தோடு பெட்டியில் வரும் சிறு புத்தகம் எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தினமும் நடைபயில்கிறவருக்கும், கடலூரில் தேவனாம்பட்டினத்திலோ முதுநகர் துறைமுகத்தை ஒட்டியோ குடியிருப்பவருக்கும் அது போதாது. இங்கே வீசும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மணிக்கட்டில் வியர்வை காய்வதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பீரோவுக்குள் மடித்துவைத்த துணிகூட ஈரம் கோக்கிறது. இந்தக் கரையோரத்தில் ஒரு வாட்சைக் கெடுப்பது அதன் வயதைவிட உப்பும் ஈரமும்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் பெரும்பாலான வேலைகளுக்கு நோக்கம் ஒன்றே: உப்பை வெளியிலேயே துடைத்துவிடுவது, ஈரம் உள்ளே போகும் வழிகளை அடைத்துவைப்பது.

முதலில் உங்கள் வாட்ச் எது என்று அறியுங்கள்

பராமரிப்பைத் தொடங்குமுன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உள்ளே இருக்கும் மெஷின், வெளிக்கூடு செய்யப்பட்ட உலோகம், தண்ணீர் தாங்கும் அளவு.

மெஷினை அறிய நொடி முள்ளைப் பார்த்தால் போதும். நொடிக்கு ஒருமுறை ‘டக்’ என்று தாவி நின்றால் அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச். உள்ளே இருக்கும் சிறு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் முள் நகர்கிறது. அதனால்தான் சாதாரணக் குவார்ட்ஸ் வாட்சுகூட மாதத்துக்கு 15, 20 நொடிக்கு மேல் தவறுவதில்லை. நொடி முள் தாவாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்பிரிங்கில் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச். நம் வீடுகளில் இன்றும் இருக்கும் எச்.எம்.டி. ஜனதா இந்த வகை. சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகார ஆலையின் வாட்சுகள் ஒரு தலைமுறைக்கே நேரம் காட்டின. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் வந்தபிறகுதான் குவார்ட்ஸ் வீட்டுக்கு வீடு பரவியது. ஜனதா ரகத்துக்கு, பக்கவாட்டில் ‘சாவி’ எனப்படும் சிறு குமிழைத் திருகி நாமே தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வாட்சில், கை அசையும்போது உள்ளே சுழலும் எடை ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்கிறது.

உலோகத்தை அறியப் பின்மூடியைத் திருப்பிப் படியுங்கள். பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருந்தால் பின்மூடி மட்டுமே எஃகு என்று பொருள். சுற்றியிருக்கும் கூடு, குரோம் அல்லது தங்க முலாம் பூசிய பித்தளையாக இருக்கலாம். பழைய கைச்சாவி வாட்சுகள் பலவும் அப்படித்தான். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், வியர்வை அதன் வழியே பித்தளையை அரிக்கத் தொடங்கிவிடும். மணிக்கட்டைத் தொடும் ஓரங்களிலும், ஸ்ட்ராப் மாட்டும் நான்கு காதுகளின் அடியிலும் பச்சைக் களிம்பு தெரிந்தால் அது இதன் அடையாளம். கூடு முழுவதும் 316எல் ரக எஃகாக இருந்தால் நல்லது. அதில் கலந்துள்ள மாலிப்டினம் உப்பின் அரிப்பை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஓரளவுதான். உப்பு நாள்கணக்கில் இடுக்கில் தங்கினால் அந்த எஃகிலும் புள்ளி விழும்.

மூன்றாவது, தண்ணீர் அளவு. ‘30 மீட்டர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அசையாத தண்ணீரில், புதிய வாட்சில், சோதனைக்கூடத்தில் தரப்படும் அழுத்தத்தைக் குறிக்கும் எண் அது. நடைமுறையில் 30 மீட்டர் என்பது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும் தூறலுக்கும் மட்டுமே. 50 மீட்டர் என்றால் சிறிது நேரம் நீச்சல் குளத்தில் இருக்கலாம். கடலில் இறங்குகிறவருக்குக் குறைந்தது 100 மீட்டர் வேண்டும். அலையடிக்கும் நம் கரைக்கு, திருகி மூடும் சாவி உள்ள 200 மீட்டர் வாட்சைத்தான் நான் பரிந்துரைப்பேன். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ தீர்த்தவாரிக்கு நின்று, அப்படியே அலையில் இறங்கி மூழ்கி எழுகிறவர்கள் கையிலிருக்கும் வாட்சைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. எந்த எண் போட்டிருந்தாலும் அது நிரந்தரமல்ல. பின்மூடியிலும் சாவியிலும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டுவிட்டால் 100 மீட்டர் வாட்சும் மழைத்தண்ணீரை உள்ளே விடும்.

மாலையில் இரண்டு நிமிடம்

வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கழற்றி, பழைய மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். மேல்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு வைப்பதில் பயனில்லை. பின்மூடியின் ஓரத்தை ஒரு சுற்று, காதுகளின் உட்புறம், சாவிக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஆகிய மூன்றும்தான் முக்கியம். பின்மூடி ஓரத்தில் கறுப்பாகத் திரண்டிருப்பது வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் கலந்த அழுக்கு. அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். அதை நகத்தால் சுரண்டாமல், பல்குத்தும் மரக்குச்சியின் முனையால் மெதுவாக எடுத்துவிடலாம்.

துடைத்த வாட்சை உடனே மூடிய பெட்டியில் போடாமல் கால் மணி நேரம் காற்றாட வைக்கவும். தோல் ஸ்ட்ராப் என்றால் இரவு முழுவதும் வெளியே இருக்கட்டும். சென்ட் அடிப்பது, கொசு விரட்டி தடவுவது எல்லாம் வாட்ச் கட்டுவதற்கு முன்பே முடிந்து கை உலர்ந்திருக்க வேண்டும். கொசு விரட்டிகள் பலவற்றில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட வாட்ச் அதனால் மங்கிப்போவதுண்டு.

வாரம் ஒருமுறை கழுவுதல்

தண்ணீர் தாங்கும் அளவு 50 மீட்டரும் அதற்கு மேலும் இருந்து, கடைசியாகப் பின்மூடி திறந்தபோது ரப்பர் வளையம் சரிபார்க்கப்பட்டிருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். முதலில் சாவி உள்ளே அமுங்கியிருக்கிறதா, திருகும் வகையானால் இறுதிவரை திருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிண்ணத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீர் எடுத்து, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கவும். வெந்நீர் கூடாது, சூட்டில் ரப்பர் வளையம் இளகும். மென்மையான குழந்தைப் பல்துலக்கியை அதில் நனைத்து, ஸ்டீல் செயினின் கண்ணிகளுக்கு நடுவே குறுக்காகத் தேயுங்கள். கிண்ணத்துத் தண்ணீர் சாம்பல் நிறமாக மாறுவதைப் பார்த்தால் செயின் எவ்வளவு அழுக்கைச் சுமந்திருந்தது என்பது புரியும். பிறகு சோப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். கடலில் இறங்கிவிட்டு வந்தால் வாரக்கணக்கைப் பார்க்காமல் அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் காய்ந்து படிகமாகிவிட்டால், சில வாட்சுகளில் கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையத்தின் அடியிலும் சாவியின் இடுக்கிலும் அது மணல்போல நின்று உராயும்.

பழைய எச்.எம்.டி., முலாம் பூசியவை, தோல் ஸ்ட்ராப் உள்ளவை ஆகியவற்றுக்குக் கழுவல் வேண்டாம். லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால் போதும்.

ஸ்ட்ராப்பும் அதைத் தாங்கும் பின்னும்

தோல் ஸ்ட்ராப் நம் கோடைக்கு ஏற்றதல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வியர்வை ஊறி ஊறி அது விறைத்து, உள்பக்கம் வெடித்து, நாற்றம் எடுக்கும். பங்குனி முதல் ஆவணி வரை ரப்பர், சிலிகான், நைலான் ஸ்ட்ராப்புகளில் ஒன்றைப் போட்டுவிட்டு, தோலை மார்கழி, தை மாதங்களுக்கும் கல்யாணம் காட்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ராப் வாங்கும்போது காதுகளுக்கு இடையிலுள்ள அகலத்தை அளந்து சொல்ல வேண்டும். 18, 20, 22 மில்லிமீட்டர் அளவுகள் எளிதாகக் கிடைக்கும்.

ஸ்ட்ராப்பைவிடக் கவனிக்க வேண்டியது அதைக் காதில் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின். தீக்குச்சியைவிட மெல்லிய குழாய். அதற்குள் ஒரு சுருள். இரு முனையிலும் அமுங்கி எழும் சிறு மூக்கு. விரலால் அந்த மூக்கை அழுத்திப் பாருங்கள். அமுங்கிய வேகத்தில் துள்ளி எழுந்தால் நல்லது. நறநறவென்று நின்று நின்று வந்தாலோ, பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ உள்ளே துருப்பிடித்துவிட்டது. பைக்கில் போகும்போது வாட்ச் கழன்று விழுந்து தொலைந்துபோவதற்கு இந்தப் பின்னே பெரும்பாலும் காரணமாகிறது. விலை மிகக் குறைவு. கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு பின்களையும் மாற்றிவிடுவது நல்லது. செல் மாற்றப் போகும்போது சேர்த்தே செய்துகொள்ளலாம்.

சாவியைக் கையாளும் முறை

வாட்சின் உடலில் எப்போதும் அசையும் ஒரே வாசல் சாவிதான். அதன் தண்டு ஒரு சிறு குழாய்க்குள் போகிறது. குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. நேரம் திருத்தச் சாவியை இழுக்கும்போதெல்லாம் அந்த அடைப்பு தளர்கிறது. ஆகவே ஈரக் கையோடு சாவியைத் தொடக் கூடாது. மழையில் நின்றுகொண்டு நேரம் திருத்தக் கூடாது.

கைச்சாவி வாட்சைக் கையில் கட்டியபடியே முறுக்குவது தவறான பழக்கம். தண்டின் மேல் பக்கவாட்டில் பாரம் விழுந்து, நாளடைவில் அது வளைந்து குழாயையும் தேய்க்கும். கழற்றி இடக்கையில் பிடித்துக்கொண்டு, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலை எழுந்ததும் என்று வைத்துக்கொண்டால் எளிது, சீராக முறுக்குங்கள். தடை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். “சாவி அதிகமாகக் கொடுத்து வாட்ச் நின்றுவிட்டது” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தடை தெரியும் இடத்தில் நிறுத்துகிறவரின் வாட்சுக்கு அப்படி நேராது. முழுதாக முறுக்கியும் ஓடவில்லை என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும் அல்லது அழுக்கு அடைத்திருக்கும்.

தேதி காட்டும் வாட்சுகளில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை முள் இருக்கும்போது தேதியை நேரடியாகத் திருகி மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதித் தட்டைத் தள்ளும் பல் ஏற்கெனவே கவ்வியிருக்கும். வலுக்கட்டாயமாகத் திருகினால் பல் முறியும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்து, முந்தின நாள் தேதியை வைத்து, பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றி இன்றைய தேதிக்கு வருவதே பாதுகாப்பான முறை. 31 நாள் இல்லாத மாதங்கள் ஐந்து இருப்பதால், ஆண்டுக்கு ஐந்து முறை இந்த வேலை வரும்.

செல் மாற்றும் நாள்

குவார்ட்ஸ் வாட்சின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த நாள்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பல வாட்சுகளில் செல் தீரும் தறுவாயில் நொடி முள் ஒவ்வொரு நொடியாக நகராமல் இரண்டிரண்டு நொடியாகத் தாவும். அது பழுதல்ல, முன்னறிவிப்பு. அந்த வாரமே மாற்றிவிடுங்கள். நின்றுபோன வாட்சை, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மேசை இழுப்பறையில் போட்டுவைப்பதுதான் மிகப் பெரிய கேடு. தீர்ந்த செல்லிலிருந்து காரத் திரவம் கசிந்து மெஷினின் மெல்லிய செப்புச் சுருளை அரித்துவிட்டால், புது மெஷினே போட வேண்டியிருக்கும்.

நேரு வீதியிலும் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலும் ஒரு மேசையும் கண்ணாடிப் பெட்டியும் வைத்து, கண்ணில் லென்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்யும் அனுபவசாலிகள் இன்றும் இருக்கிறார்கள். கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காமல் அருகில் நின்று சில விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள். முதலாவது, சில்வர் ஆக்சைடு செல்லாக இருக்க வேண்டும். அதன் மின்னழுத்தம் 1.55 வோல்ட், கடைசிவரை ஏறக்குறைய சீராக நிற்கும். அதே அளவில் கிடைக்கும் மலிவான ஆல்கலைன் செல்லின் அழுத்தம் படிப்படியாக இறங்கும். கசியும் அபாயமும் கூடுதல். எண்ணில் ‘எஸ்.ஆர்.’ என்று தொடங்குவது சில்வர் ஆக்சைடு, ‘எல்.ஆர்.’ என்று தொடங்குவது ஆல்கலைன். இரண்டாவது, பின்மூடியைக் கத்திமுனையால் நெம்பாமல் அதற்குரிய கருவியால் திறக்க வேண்டும். கத்தி வழுக்கிய கீறல், ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தின் குறுக்கே விழுந்தால், அதன் வழியே ஈரம் என்றைக்கும் உள்ளே போகும்.

மூன்றாவதுதான் பலரும் கேட்காமல் விடுவது. “அண்ணே, ரப்பர் வளையத்தையும் எடுத்துப் பாருங்க, கெட்டிப்பட்டிருந்தா மாத்திடுங்க, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவிப் போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். நல்ல வளையம் கறுப்பாக, வட்டமாக, இழுத்தால் நீண்டு திரும்பும். கெட்டுப்போனது தட்டையாகி, மேலே வெள்ளைப் பூத்து, வளைத்தால் வெடிப்புக் காட்டும். செல் மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல. மூடுமுன் பின்மூடியின் உட்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பழைய வாட்சாக இருந்தால், முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசியால் மிகச் சிறிதாகக் கீறிய தேதியோ குறியெழுத்தோ தெரியும். உங்கள் அப்பா எந்த ஆண்டு அதைக் கடைக்குக் கொண்டுபோனார் என்பதுகூட அதில் இருக்கலாம். இன்றைய தேதியையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த செல் எத்தனை ஆண்டு ஓடியது என்று கணக்கிட உதவும். இரண்டு, மூன்று ஆண்டு ஓடினால் இயல்பு. ஒரே ஆண்டில் தீர்ந்தால் மெஷினில் அழுக்குச் சேர்ந்து கூடுதல் மின்சாரம் இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

உள்ளே ஈரம் தெரிந்தால்

வெயிலிலிருந்து ஏ.சி. அறைக்குள் நுழையும்போது கண்ணாடியின் உட்புறம் லேசாகப் பனி படர்ந்து ஓரிரு நிமிடத்தில் மறைந்தால், உள்ளே கொஞ்சம் ஈரக்காற்று இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வாய்ப்பில் வளையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பனி மறையாமல் நின்றாலோ, சொட்டாகத் திரண்டாலோ அன்றே கடைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாட்சைக் கையில் கட்டி நன்றாக வெதுவெதுப்பானதும், கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீரை வைத்து ஒரு நிமிடம் விட்டுத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தின் உட்புறம் மங்கியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தொழிற்சாலைகளிலும் வாட்சைச் சூடாக்கி இதே முறையில்தான் சோதிக்கிறார்கள்.

அரிசி டப்பாவுக்குள் புதைப்பது பயன் தராது. மூடிய கூட்டுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது, அரிசித் தூள்தான் இடுக்குகளில் போய்ச் சேரும். வெயிலில் காயவைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் அதைவிட மோசம், ஏனெனில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி மெஷின் முழுவதும் பரவும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் நனைந்த வாட்சுக்குக் கடை திறக்கும்வரை செய்யக்கூடியது, சேற்றை வெளியில் துடைத்துவிட்டு, மெக்கானிக்கல் என்றால் சாவி கொடுக்காமல், மின்விசிறியின் கீழ் வைப்பதே. கடல்நீர் புகுந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது; எஃகுப் பற்சக்கரங்களில் துரு மிக விரைவாகப் பிடிக்கும்.

வெயில், காந்தம், மணல்

கத்திரி வெயிலில் காரின் முன்பலகையில் வாட்சை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ரப்பர் கெட்டிப்படுவதோடு, குவார்ட்ஸ் படிகம் அறை வெப்பநிலையை ஒட்டிச் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டிருப்பதால், அதிகச் சூட்டில் நேரமும் பின்தங்கும்.

மெக்கானிக்கல் வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓடினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த கைப்பை, போன் கவர் இவற்றின் அருகில் இருந்தால், தலைமுடிபோன்ற ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு சாதாரணத் திசைகாட்டியின் அருகில் வாட்சைக் கொண்டுபோங்கள். ஊசி ஆடினால் காந்தமேறியிருக்க வாய்ப்பு அதிகம். கடையில் காந்தநீக்கிக் கருவி இருந்தால் சில நொடியில் சரியாகிவிடும், சர்வீஸ் தேவையில்லை.

மணலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்; மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதைவிட மென்மையானது. எனவே மணல் ஒட்டிய வாட்சைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழுவது நிச்சயம். முதலில் ஊதியோ தண்ணீர் விட்டோ மணலைப் போக்கிவிட்டுப் பிறகு துடையுங்கள். கடினம் 9 உள்ள சஃபையர் கண்ணாடியை மணல் ஒன்றும் செய்யாது. ஆனால் பலமாக இடித்தால் அது சில்லாக உடையும். மினரல் கண்ணாடியில் விழுந்த கீறலை வீட்டில் போக்க முடியாது, கண்ணாடியை மாற்றுவதே வழி. பழைய எச்.எம்.டி.யின் பிளாஸ்டிக் கண்ணாடிக்கு மட்டும் அந்த வசதி உண்டு: சுற்றியுள்ள உலோகத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, துணியில் கொஞ்சம் வெள்ளைப் பற்பசை எடுத்துச் சில நிமிடம் வட்ட வட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் மெல்லிய கீறல்கள் மறையும்.

எண்ணெய்: வீட்டில் வேண்டாம்

குவார்ட்ஸுக்குப் பழுது வந்தால் மட்டும் சர்வீஸ் போதும். மெக்கானிக்கல் வாட்சுக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முழு ஓவராயில் வேண்டும். ஒரு 17 கல் வாட்சில் அச்சுகள் சுழலும் அந்தச் செயற்கை மாணிக்கக் கற்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய்தான் விடுவார்கள். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் சாவி வழியே விடக் கூடாது. கடையிலும் பிரிக்காமலே பெட்ரோலில் அலசி ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தருவதைச் சர்வீஸ் என்று ஏற்காதீர்கள். முழுதாகப் பிரித்து, கழுவி, வெவ்வேறு இடத்துக்கு உரிய வெவ்வேறு எண்ணெய் இட்டு, கோத்து, சில நாள் ஓட்டிப் பார்த்துத் தருவதே ஓவராயில். “பிரிச்சுத்தானே பண்ணுவீங்க? எத்தனை நாள் ஓட்டிப் பார்ப்பீங்க?” என்று முன்பே கேளுங்கள். நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்வியை வரவேற்பார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குப் பிறகு பழைய கைச்சாவி வாட்ச் நாளுக்கு அரை நிமிடத்துக்குள் முன்பின் ஓடினால் திருப்தி அடையலாம்.

ஸ்மார்ட்வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் விடும் வேலையும் சாவி கொடுக்கும் வேலையும் இல்லை; ஆனால் அடியிலுள்ள சார்ஜ் புள்ளிகளில் வியர்வை ஈரத்தோடு சார்ஜரை ஒட்டினால் அவை அரிக்கும். துடைத்து உலர்த்திவிட்டு ஒட்டுங்கள்.

எடுத்துவைப்பதும் பழையவற்றைக் காப்பதும்

நீண்ட நாள் கட்டாத வாட்சை, கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்திலோ குளியலறையை ஒட்டிய அலமாரியிலோ வைக்க வேண்டாம். இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலம் தொடங்குமுன் பொட்டலங்களை மாற்றுங்கள். மெக்கானிக்கலை மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓட விடுங்கள். குவார்ட்ஸ் என்றால் செல்லை எடுத்துவிடுவது நல்லது. செல் மிச்சமாகட்டும் என்று சாவியை வெளியே இழுத்துவைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இழுத்த சாவி ஈரத்துக்கு வழி விடும் என்பதால் நம் கரையில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். சோலார் வாட்சை மட்டும் இருட்டில் பூட்டாமல், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் பழைய வாட்ச் வாங்குகிறவர்கள், பளிச்சென்று புதுநிறத்தில் மின்னும் எச்.எம்.டி. டயலைக் கண்டால் எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். எழுத்தின் ஓரம் தடித்து, கோடுகள் நேராக இல்லாமல் இருந்தால் டயல் மறுபடி அச்சடிக்கப்பட்டது. அதனால் வாட்ச் ஓடாமல் போகாது. விலையைத்தான் அதற்கேற்பப் பேச வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய தாத்தாக்களின் சுவிஸ் வாட்ச் புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கக்கூடும். 1960-களுக்கு முந்தைய வாட்சாக இருந்து, முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய பூச்சு தெரிந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் இப்போது ஒளிரவில்லை என்பது ஆறுதலல்ல. ஒளிரும் பூச்சுதான் செத்துப்போயிருக்கும், ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். மூடியபடி வைத்திருப்பதில் பெரிய ஆபத்தில்லை. கண்ணாடியைக் கழற்றுவதும் பூச்சைச் சுரண்டுவதும்தான் ஆபத்து, ஏனெனில் உதிரும் தூள் மூச்சோடு உள்ளே போய்விடும். அதைக் காற்றோட்டமுள்ள இடத்தில், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். கடைக்குக் கொடுக்கும்போது, “இதில் பழைய ரேடியம் பூச்சு இருக்கலாம், டயலைத் தொட வேண்டாம்” என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.